வெளியே வந்த ஐம்பதினாயிரம் பேர்

மோர்டன்
24.09.1989

அன்புள்ள அண்ணைக்கு,

நான் சுகம். நீங்களும் சுகம் என்பது நேற்றுப் போனிலேயே தெரிந்தது. அப்படிக் கத்துவதற்கு நல்ல நுரையீரல் வேண்டும். இனி நாடகத்தைப் பற்றிப் போனில் பேசுவதில்லை என்று முடிவெடுத்திருக்கிறேன். நீங்கள் கத்துகிறீர்கள், நான் அழுகிறேன், ரிசீவரை வைத்த பிறகுதான் சொல்ல வேண்டியது எனக்கு ஞாபகம் வருகிறது. கடிதத்தில் ஒருவர் முடிக்கும்வரை மற்றவர் பொறுத்திருக்கத்தான் வேண்டும்.

தமிழ்ப் பள்ளி ஆண்டு விழாவுக்கு ஒரு நாடகம் எழுதித் தரச் சொல்லிக் கேட்டது நீங்கள். "நீ படிக்கிற அந்த ரோமாபுரியைத் தமிழிலை எழுதன், படிப்பு ஒருக்காலெண்டாலும் பிரயோசனப்படட்டும்" என்றீர்கள். ரோமாபுரியை அல்ல, அது அழித்த கார்த்தேஜை எழுதினேன். ஆவணியில் கையெழுத்துப் பிரதியை உங்கள் கையில் தந்தேன். நேற்று ஒத்திகைக்கு வந்த தவநாயகி அக்கா, "கௌரி, கடைசிக் காட்சிக்குப் புதுப் பக்கம் தந்திருக்கினம், நான் நெருப்புக்குள்ளை பாயவேணுமாம்" என்று நீட்டினார். பள்ளிக் கமிட்டித் தலைவர் கனகலிங்கம் அவர்களின் கையெழுத்து.

நான் எழுதியது இது. கடல் வணிகத்தால் வாழ்ந்த நகரம் கார்த்தேஜ். ரோமுடன் இரண்டு பெரும் போர்களில் தோற்று, அடங்கி, கப்பம் கட்டி வாழ்ந்தது. பிறகும் ரோமுக்கு மனம் ஆறவில்லை. பிள்ளைகளைப் பணயமாகத் தா என்றார்கள்; கொடுத்தார்கள். ஆயுதங்களைத் தா என்றார்கள். அதையும் வண்டி வண்டியாகக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். எல்லாம் கொடுத்து முடிந்த பிறகு, இனி நகரத்தை விட்டுக் கடலுக்கு எட்டாத தூரத்தில் போய்க் குடியிருங்கள் என்றார்கள். அப்போதுதான் அந்தச் சனம் முடியாது என்றது. பெண்கள் தலைமயிரை அறுத்துக் கல்லெறி பொறிகளுக்குக் கயிறு திரித்தார்கள். மூன்று வருட முற்றுகை. நகரம் விழுந்தபோது கோட்டைக்குள் இருந்த ஐம்பதினாயிரம் பேர் உயிர்ப்பிச்சை கேட்டு, குறுகிய வாசல் வழியாக வெளியே வந்தார்கள். அவர்கள் வெளியே வருவதுதான் என் கடைசிக் காட்சி.

தலைவர் அதை முழுவதும் வெட்டிவிட்டார். அவருடைய காட்சியில் கார்த்தேஜின் தளபதி ஹஸ்துருபால் ரோமானியனின் காலில் விழுகிறான், அவன் மனைவி அவனைச் சபித்துவிட்டுப் பிள்ளைகளோடு தீயில் பாய்கிறாள், திரை. முதற் காட்சியில் முந்திய போரின் தளபதி ஹனிபால் யானையில் வருகிறானாம். அதற்குள் ஹனிபால் இறந்து ஒரு தலைமுறை கழிந்துவிட்டது, அண்ணை.

என் பக்கங்களை எனக்குத் திருப்பிப் பெற்றுத் தாருங்கள். நாடகக் குழுவின் செயலாளர் நீங்கள்தானே.

அம்மாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள். குளிருக்கு முழங்கால் எப்படி?

அன்புத் தங்கை,
கௌரி


ரெய்னர்ஸ் லேன்
29.09.1989

அன்புத் தங்கச்சி கௌரிக்கு,

லண்டனுக்குள்ளேயே முத்திரை ஒட்டி அண்ணனோடு சண்டை பிடிக்கிற முதல் ஆள் நீயாகத்தான் இருப்பாய். சரி, நானும் எழுதுகிறேன்.

நீ கமிட்டிக் கூட்டத்துக்கு வராதபடியால் உனக்கு ஒன்றும் தெரியாது. உன் பிரதியை வாசித்து முடித்ததும் கனகலிங்கம் அண்ணை மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார்: "தம்பி, ஹனிபால் இல்லாத கார்த்தேஜோ? மாப்பிள்ளை இல்லாத கலியாணமோ? ஆனை எங்கை?" நான் என்ன சொல்ல? இப்போது மேடைச் சாமான் செய்கிற யோகராஜா என்னுடைய கராஜில் குளிர்ப்பெட்டி வந்த அட்டைகளை ஒட்டி ஆனை செய்கிறான். தும்பிக்கை தூசி உறிஞ்சுகிற ஹூவரின் குழாய். என் கார் றோட்டில் நிற்கிறது. ஆனை உள்ளே நிற்கிறது. இதை நிறுத்து என்று அவனிடம் நீயே வந்து சொல்.

பகிடியை விடு. தீயில் பாய்ந்த கதையைத் தலைவர் தன் தலையிலிருந்து எடுக்கவில்லை. உன் புத்தகங்களில் இருக்கிறது. போன வருசம் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நீதானே அதைச் சொன்னாய்? அப்படியென்றால் சரித்திரத்தை மாற்றுவது தலைவரா, நீயா?

இன்னொன்று. அந்த ஆயுதம் ஒப்படைக்கிற காட்சியை மேடையில் வைத்தால் சனம் என்ன அர்த்தம் எடுக்கும் என்று யோசித்தாயா? ரோம் என்றால் டில்லியா கொழும்பா என்று கதவடியில் வைத்தே என்னைக் கேட்பார்கள். இரண்டு வருசத்துக்கு முன் பெடியள் இந்திய ஆமியிடம் ஆயுதம் கொடுத்ததை யார் மறந்தது? அங்கே ஊரில் அவர்கள் சாகிறார்கள். இங்கே கதிரை போட்டு இருத்தி வைத்து, தலையைக் குனிந்து வெளியே வருகிற சனத்தைக் காட்டினால் யார் கை தட்டுவார்கள்? பார்க்க வருகிறவர்களில் பாதிப்பேர் அகதி விண்ணப்பம் போட்டுவிட்டு முடிவுக்குக் காத்திருப்பவர்கள். அவர்களுக்கு ஒரு பெருமையைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்ப வேண்டாமா?

எங்கள் அம்மாவையே எடு. எண்பத்து மூன்று கலவரத்தில் கொழும்பு வெள்ளவத்தை வீட்டு வாசலில் கத்தியோடு நின்று அந்தக் காடையரைத் திருப்பி அனுப்பினவ. "அந்த மனுசியின்ரை மகளோ இதை எழுதினது?" என்று தலைவர் கேட்டார். எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

அம்மாவின் முழங்கால் பரவாயில்லை. உன்னை ஒழுங்காகச் சாப்பிடச் சொன்னா.

அன்பு அண்ணன்,
பாலேந்திரா


மோர்டன்
03.10.1989

அன்புள்ள அண்ணை,

உங்கள் கடிதத்தை மூன்று நாள் கைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். முதலில் உங்கள் கேள்விக்குப் பதில்.

ஓம், அவள் தீயில் பாய்ந்தாள் என்று எழுதியிருக்கிறது. எழுதியவர்கள் யார்? கார்த்தேஜைப் பற்றி நாம் படிப்பது முழுவதும் அதை அழித்தவர்களும் அவர்களுடைய நண்பர்களும் எழுதியது. கார்த்தேஜ்காரர் எழுதிய சரித்திரம் ஒரு பக்கம்கூட மிஞ்சவில்லை. அந்தப் பெண் கோவில் கூரையில் நின்று பேசிய பேச்சை அவர்கள் விரிவாக எழுதியிருக்கிறார்கள். அதில் முதலில் அவள் ரோமானியத் தளபதியைப் பார்த்து, உன் மேல் ஒரு குற்றமும் இல்லை, நீ போர்முறைப்படிதான் செய்தாய் என்று சொல்லிவிட்டு, பிறகுதான் கணவனைத் திட்டத் தொடங்குகிறாள். முதுகுக்குப் பின்னால் நெருப்பு, கையில் பிள்ளைகள், அந்த நேரத்தில் எதிரிக்கு நற்சான்றிதழ் கொடுக்கிற பெண்ணை நீங்கள் கண்டிருக்கிறீர்களா? இவ்வளவையும் எழுதியவர்களுக்கு அவளுடைய பெயரைக் கேட்க மட்டும் தோன்றவில்லை. இன்றுவரை அவள் ஹஸ்துருபாலின் மனைவிதான். தலைவரின் பக்கங்களிலும் அவளுக்குப் பெயரில்லை, "வீரத்தாய்" என்றுதான் இருக்கிறது.

அவளை நான் பழிக்கவில்லை. என் நாடகத்தில் தூரத்தில் புகை தெரியும். ஆனால் மேடையில் நான் நிறுத்த விரும்புவது மற்றவர்களை. ஐம்பதினாயிரம் பேர் வெளியே வந்தார்கள், அடிமைகளாக விற்கப்பட்டார்கள் என்று ஒரே வரியில் எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்கள். செத்தவளுக்கு ஒரு பக்கம், உயிரோடு வந்தவர்களுக்கு ஒரு வரி. அவர்கள் என்ன பேசிக்கொண்டு வந்தார்கள்? குழந்தையை எந்தப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு வந்தார்கள்? அவர்களை யாரும் பாடவில்லை, அண்ணை. பாடப்படாத சனம்தான் நீங்கள் சொன்ன அந்தக் கதிரைகளில் வந்து இருக்கப்போகிறது. அவர்களுக்கு முன்னால் நெருப்பில் பாய்வதுதான் பெருமை என்று காட்டினால், வீட்டுக்குப் போகும்போது அவர்கள் எடுத்துக்கொண்டு போவது பெருமையாக இருக்காது. "நீ ஏன் இன்னும் உயிரோடு இருக்கிறாய்" என்ற கேள்வியாக இருக்கும்.

இப்போது அம்மா.

அந்தக் கத்தியை எங்கிருந்து எடுத்தீர்கள்? நான் அங்கே நின்றவள். எனக்குப் பதினேழு வயது. அப்பா குவைத்தில், நீங்கள் லண்டனில். ஒழுங்கையின் தொங்கலில் கும்பலின் சத்தம் கேட்டதும் அம்மா கண்ணாடிக்கு முன்னால் போய் நின்றார். முந்தானையால் பொட்டை அழித்தார். குங்குமம் சுலபமாகப் போகவில்லை. எச்சிலைத் தொட்டு இன்னொரு தரம் தேய்த்தார். நெற்றி சிவந்துபோயிற்று. தாலியைக் கழற்றி என் சட்டைக்குள் போட்டார். "தோட்டைக் கழட்டு, வாயைத் திறக்காதை" என்றார். கதவைத் திறந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அவர்களுக்கு நடுவால் நடந்தார். ஒருவன் பொல்லுத்தடியோடு குறுக்கே வந்தான். உங்கள் வயதுதான் இருக்கும். அம்மா கைகூப்பி, அவனைச் சிங்களத்தில் "மகனே" என்று கூப்பிட்டு வழி கேட்டார். அவன் விலகினான். எங்களுக்குப் பின்னால் வீடு எரிந்தது. நாங்கள் திரும்பிப் பார்க்கவில்லை.

கத்தி குசினியில்தான் இருந்தது. அதை எடுத்திருந்தால் இன்று உங்களிடம் ஒரு வீரத்தாயின் படம் இருந்திருக்கும், மாலை போட்டு வைத்திருப்பீர்கள்.

ரெய்னர்ஸ் லேன் முழுக்க நீங்கள் சொல்லித் திரியும் அந்தக் கதையைக் கேட்கும்போதெல்லாம் அம்மா எழுந்து தேத்தண்ணீர் போடப் போய்விடுகிறாரே, கவனித்தீர்களா?

பக்கங்கள் எனக்கு வேண்டும். இல்லையென்றால் என் பெயரை விளம்பரத்திலிருந்து எடுத்துவிடுங்கள். அத்தனை நடிகைகளும் மோர்டன்காரர் என்பதையும் தலைவருக்கு ஞாபகப்படுத்துங்கள்.

கௌரி


ரெய்னர்ஸ் லேன்
12.10.1989

கௌரிக்கு,

நீ எழுதியது நல்லாயில்லை. அண்ணனுக்கு எழுதுகிற மாதிரி இல்லை. ஆனாலும் செயலாளர் என்ற முறையில் என் கடமையைச் செய்துவிட்டேன்.

தலைவர் முதலில் துள்ளினார். "பெட்டை படிச்சுப்போட்டுது எண்டு எங்களுக்கு வகுப்பெடுக்குதோ?" என்றார். மண்டபத்துக்குக் காசு கட்டியாயிற்று, நடிகைகள் இல்லாமல் ஆனையை மட்டும் வைத்து நாடகம் போட ஏலாது என்று நான் சொன்ன பிறகு கொஞ்சம் இறங்கினார். முடிவு இது: தீக்குளிக்கும் காட்சி இருக்கும். அதற்கு முன்னால் உன்னுடைய சனம் ஒரு தரம் மேடையைக் கடந்து போகலாம். ஆனால் ஒரு வசனமும் பேசக்கூடாது. ஒரு சொல்லும். நீ எழுதிய பேச்செல்லாம் வெட்டு. ஆயுதம் கொடுக்கிற காட்சி ஒரு அறிவிப்பாளன் சொல்வதோடு சரி. கடைசியில் ரோமானியர் வயலில் உப்புப் போடுவதையும் சேர்க்கச் சொன்னார். அது பிற்காலத்தில் யாரோ கட்டிய கதை என்று நீ முன்பு சொன்னது ஞாபகம் வந்ததால் நான் தடுத்துவிட்டேன். இதற்காவது எனக்கு நன்றி சொல்.

மற்ற விசயம். அம்மா கத்தியோடு நின்றதாக நான் சொன்னதால் யாருக்கு என்ன நட்டம்? நான் இங்கே பெற்றோல் ஸ்டேசனில் ஷிப்டில் நின்றபோது ரேடியோவில் கொழும்பு எரிகிறது என்றார்கள். வீட்டுக்கு லைன் கிடைக்கவில்லை. ஒன்பது நாள். வருகிறவன் போகிறவன் எல்லாம் "அம்மா தங்கச்சிக்கு என்ன நடந்தது?" என்று கேட்டான். தெரியாது, தெரியாது என்று எத்தனை பேருக்குச் சொல்ல ஏலும்? உனக்கு அது விளங்காது. நீ அங்கே நின்றாய்.

உன் கடிதத்தை மேசையில் வைத்துவிட்டு வேலைக்குப் போனது என் பிழை. அம்மா வாசித்துவிட்டா. இரவு சாப்பிடும்போது, "அந்தக் கூட்டத்துக்கு ஆள் காணாதெண்டு தவநாயகி சொன்னவ. நானும் நடக்கிறனே" என்று மட்டும் கேட்டா. பேச்சில்லாத பாகம்தானே, முழங்காலுக்கும் நல்லது, நடக்கட்டும் என்றேன். ஞாயிற்றுக்கிழமை ஒத்திகைக்குக் கூட்டி வருகிறேன்.

பாலேந்திரா


மோர்டன்
16.10.1989

அண்ணை,

உப்புக்கு நன்றி.

சம்மதிக்கிறேன். ஒரு தரம் கடப்பார்கள். ஒரு சொல்லும் பேசமாட்டார்கள். என் வாக்கு.

நேற்று அம்மா ஒத்திகையில் எல்லோருக்கும் கடைசியில் நடந்தார். "வேகமா நடக்காதையுங்கோ பிள்ளையள், வேகமா நடந்தால் துரத்துவாங்கள்" என்று தவநாயகி அக்காவுக்கே சொல்லிக் கொடுத்தார். அந்த மண்டபத்தில் நின்ற பெண்கள் ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

கௌரி


ரெய்னர்ஸ் லேன்
20.11.1989

கௌரிக்கு,

உனக்கு இப்போது திருப்திதானே?

நான் வாசலோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனை வந்தது, தும்பிக்கை ஒரு தரம் கழன்றது, சனம் சிரித்தது, அதுவரைக்கும் எல்லாம் ஒழுங்கு. பிறகு உன் கூட்டம் வந்தது. வெள்ளைச் சீலை, தலையில் முக்காடு. கடைசியில் அம்மா. மேடை நடுவில் வந்து நின்று முக்காட்டை விலக்கினா. நெற்றியில் பொட்டு. அரையணா அளவில், சிவப்பாக, வெளிச்சத்தில் பளிச்சென்று. அப்பா இறந்து இரண்டு வருசம் முடிந்துவிட்டது. முன்வரிசையில் தலைவரின் மனைவி, "ஐயோ, என்ன இது அவச்சகுனம்" என்றது எனக்குக் கேட்டது. கார்த்தேஜில் பொட்டு ஏது?

அதன் பிறகு அம்மா முந்தானையை எடுத்து அதை அழித்தா. போகவில்லை. எச்சிலைத் தொட்டு இன்னொரு தரம். பிறகு கையைக் கூப்பிக்கொண்டு மெல்ல, மெல்ல நடந்தா. பின்வரிசையில் யாரோ ஒரு மனுசி எழும்பி நின்று கத்தினாள்: "இஞ்சாலை வாங்கோ அக்கா! இஞ்சாலை, இஞ்சாலை!" அழுது குழறிக்கொண்டு. அவளோடு இன்னும் நாலைந்து பேர். நாடகம் என்பதை மறந்துபோனார்கள். தவநாயகி பாவம், பின்னால் சிவப்புக் கடதாசியையும் விசிறியையும் வைத்துக்கொண்டு தீக்குளித்தாள், ஒருவரும் பார்க்கவில்லை.

வெளியே வந்தவுடன் தலைவர் கேட்டார்: "தம்பி, அப்ப அந்தக் கத்தி?" அத்தனை பேருக்கும் முன்னால்.

ஒரு சொல்லும் பேசமாட்டார்கள் என்று வாக்குத் தந்துவிட்டு இதைத் திட்டம் போட்டுச் செய்திருக்கிறாய். ஒரு விதவைத் தாயை மேடையில் நிறுத்தி, பெற்ற பிள்ளையைப் பொய்யனாக்கினாய். காரில் வரும்போது அம்மாவிடமும் அதைத்தான் சொன்னேன்: "ஊர் முழுக்க என்னைப் பொய்யனாக்கிப் போட்டியள்." நேற்றுக் காலை நான் எழும்ப முதல் ஒரு பையோடு வெளிக்கிட்டுப் போய்விட்டா. உன்னிடம் வந்திருப்பா என்று தெரியும், தவநாயகி போன் பண்ணினாள்.

இரண்டு பேரும் கமிட்டியிடம் மன்னிப்புக் கேட்டு ஒரு கடிதம் எழுதித் தாருங்கள். மற்றதைப் பிறகு பார்க்கலாம்.

பாலேந்திரா


மோர்டன்
26.11.1989

அன்புள்ள அண்ணைக்கு,

அம்மா என்னிடம்தான் இருக்கிறார். பிக்கடிலி லைனில் ஏறி, லெஸ்டர் ஸ்குவேரில் இறங்கி, யாரோ ஒரு கறுப்பினப் பெண்ணிடம் "மோர்டன், மோர்டன்" என்று சொல்லி லைன் மாறி, தனியாக வந்தார். லண்டன் வந்த ஐந்து வருடத்தில் தனியாக ரெயில் ஏறியது இதுதான் முதல் தடவை. கதவைத் திறந்தபோது, "வழியிலை ஒரு கரைச்சலும் இல்லை" என்றார். மூன்றாம் நாள் என் புத்தக அலுமாரியைத் தூசு தட்டி, நான் வைத்திருந்த ஒழுங்கையெல்லாம் குலைத்துவிட்டார். சுகமாக இருக்கிறார்.

நான் திட்டம் போடவில்லை. அம்மா தவநாயகி அக்காவின் ஒப்பனைப் பெட்டியைத் திறந்ததைக் கண்டேன். முகத்துக்குப் பூசப் போகிறார் என்று நினைத்தேன். திரைக்குப் பக்கத்தில் நின்றபோதுதான் நெற்றியைப் பார்த்தேன். மறித்திருக்கலாம். நேரம் இருந்தது. மறிக்கவில்லை. அதற்காக நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்க மாட்டேன். ஒரு சொல்லும் பேசப்படவில்லை, வாக்குக் காப்பாற்றப்பட்டது. உங்கள் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவச்சகுனம் என்ற இடத்தில் சிரித்தார். "நான் அண்டைக்குப் பொட்டை அழிச்சது புருசன் உயிரோடை இருக்கேக்கை. அதுதான் அவச்சகுனம். அதைப் பாத்தவை ஒருத்தரும் இல்லை. இப்ப பாக்கட்டும்" என்றார். கமிட்டிக்கு இதையே பதிலாக எழுதச் சொன்னார். எழுதி அனுப்பிவிட்டேன்.

வருகிற பங்குனியில் மோர்டனில் என் பிரதியை ஒரு வரியும் வெட்டாமல் போடப்போகிறோம். ஆயுதம் கொடுக்கும் காட்சியும் இருக்கும். வாசலில் வைத்து யாராவது ரோம் எது என்று கேட்டால், வந்து பார்த்துவிட்டு நீங்களே சொல்லுங்கள் என்று சொல்வோம். பின்வரிசையில் எழுந்து நின்று கூப்பிட்ட அந்தப் பெண் வந்து சேர்ந்திருக்கிறார். பெயர் எமில்டா. மன்னாரிலிருந்து வந்தவர். வெளியே வரும் சனத்தில் எல்லோருக்கும் இந்தமுறை பெயர் வைக்கிறோம். அவரவர் தங்கள் பெயரையே வைத்துக்கொள்கிறார்கள்.

உங்களை நான் பொய்யனாக்க எழுதவில்லை. ஒன்பது நாளைப் பற்றி நீங்கள் எழுதியதை நான் அப்போது சரியாக வாசிக்கவில்லை, இப்போது வாசித்தேன். ஆனால் அந்தக் கத்தியை நான் ஏற்றுக்கொள்ள மாட்டேன். அது அம்மாவுடையது அல்ல. இன்று மாலை அந்த வரிகளை அம்மாவுக்கு இன்னொரு தரம் வாசித்தேன். பிறகு, "நான் சொல்லுறன், எழுது" என்றார்:

"தம்பி பாலா, நீ அங்கை இருக்கேல்லை எண்டதை நினைச்சுத்தான் கத்திக் கதையைச் செய்தனி எண்டு எனக்கு முதலே தெரியும். நீ அங்கை இருந்திருந்தால் உன்னை அண்டைக்கே பறிகுடுத்திருப்பன், ஆம்பிளைப் பிள்ளையை விட்டிருக்க மாட்டாங்கள். வெளியிலை வந்து முகாமிலை இருக்கேக்கை சனமெல்லாம் எங்கை போறதெண்டு அழுதுது. நான் அழேல்லை. எனக்குப் போறதுக்கு ஒரு இடம் இருந்தது, லண்டனிலை நீ நிண்டனி. கௌரியின்ரை நாடகத்துச் சனத்துக்கு அது இருக்கேல்லை. ஆரும் கேட்டால் இதைச் சொல்லு. தலையை நிமித்திச் சொல்லு."

அவர் சொன்னபடியே எழுதியிருக்கிறேன். ஒரு சொல்லையும் மாற்றவில்லை.

அன்புத் தங்கை,
சிவகௌரி